எந்தக் கோட்டை?

மறதி வயதின் அடையாளம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. என்னைப் பொறுத்த வரையில் அது கல்யாண வீட்டுச் சாப்பாட்டின் அடையாளம். 2022-ஆம் வருஷம் மார்ச் மாதம் தொண்டியில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இலையில் இரண்டாம் முறையாக விழுந்த ஜாங்கிரியோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு, முகம் கழுவுவதற்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். பிறகு நண்பரிடம் விடை பெற்றேன்; தாம்பூலப் பையை மறக்காமல் வாங்கிக்கொண்டேன்; புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்தேன். கையிலிருந்த பத்திரிகையைப் பிரித்த பிறகுதான் ஜன்னல் விளிம்பு நினைவுக்கு வந்தது.

கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி எனக்கு. அது இல்லாவிட்டால் உலகத்தில் எழுத்து என்பதே கிடையாது. கறுப்பாகச் சில கோடுகள் இருக்கும், அவ்வளவுதான். முப்பது வருஷமாக எழுதிப் பிழைப்பவன் அன்று சாயங்காலம் எழுத்தறியாதவனாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன்.

இத்துடன் போயிற்றா? மீமிசல் வந்ததும் பஸ்ஸின் பின் டயர் 'டப்' என்று பெரிய சத்தத்தோடு உயிரை விட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, "அடுத்த வண்டியில ஏத்திவிடுறேன், எல்லாரும் இறங்கிக்குங்க" என்றார்.

எந்த ஊரில் வேண்டுமானாலும் டயர் வெடிக்கலாம். மீமிசலில் வெடித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஊரின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணராமர் கோயில் உள்ள ஊர், நல்ல கடற்காற்று, நல்ல மனிதர்கள். ஆனால் கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவரின் தெரு வழியாகப் போக விரும்புவானா? அந்த ஊரில் எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. முப்பது வருஷமாகத் தீர்க்காத கடன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பஸ் நிற்கும் முனையில் ஒரு டீக்கடை. அதை அடுத்து, தகரம் வேய்ந்த நீளமான தாழ்வாரம் வைத்த ஒரு வீடு. அந்தத் தாழ்வாரத்திலிருந்து ஒரே கூச்சலாகக் கேட்டது. பதினெட்டு இருபது குழந்தைகள் இருக்கும். எல்லோரும் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுடிதார் அணிந்த ஒரு பெண் நின்றாள். பத்தொன்பது வயதுக்கு மேல் மதிக்க முடியாது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சாலையைப் பார்க்க உட்காரவைக்கும் வாத்தியாரை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் காலத்தில் ஜன்னல் பக்கம் கண் போனாலே காதைத் திருகுவார்கள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

விஷயம் சீக்கிரத்தில் விளங்கியது. ஒரு பஸ் வந்து நின்றதும் பாடம் நின்றுவிடும். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே, "என்ன வண்டி?" என்பாள். பிள்ளைகள் பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். பஸ் புறப்படுவதற்குள் படித்துவிட வேண்டும். டிரைவர்தான் பரீட்சை மேற்பார்வையாளர்; அவர் எப்போது மணியடிப்பார் என்று யாருக்கும் தெரியாது!

எந்தப் பக்கத்திலிருந்தோ ஒரு வண்டி வந்தது. முன்வரிசையில் ஓர் ஒல்லிப் பையன் முழங்காலிட்டு எழுந்து, "மி... மீ..." என்று தடுமாறினான்.

"முதல்ல எது? மிளகாயா, மீனா?" என்றாள் அந்தப் பெண்.

"மீன்!"

"ரெண்டாவது?"

"மிளகாய்! மீ... மி... ச... ல். மீமிசல்! நம்ம ஊரு!"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு தமிழ்க் குழந்தைக்கு முதலில் வரும் பெரிய சங்கடம் குறிலும் நெடிலும். 'மி'க்கு மேலே ஒரு வளைவு. அந்த வளைவு சுழித்துக்கொண்டால் 'மீ'. இந்தச் சிறு சுழிக்காக எத்தனை குழந்தைகள் தலையில் குட்டு வாங்கியிருக்கிறார்கள்! ஆனால் இந்த ஊரின் பெயரைப் பாருங்கள். நெடில் முன்னால், குறில் பின்னால், அண்ணனும் தம்பியும் போல ஒரே பெயரில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஊரே ஓர் இலக்கணப் பாடம். அந்தப் பாடத்தை ஊர்ப் பலகையிலும் பஸ் பலகையிலும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் அதே ஊரில் மாதக்கணக்காக எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன். எனக்கு அது தோன்றவில்லை. இந்தச் சின்னப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த சமயத்தில் தயங்கித் தயங்கிப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "வாங்க சார், உக்காருங்க" என்று ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். அறந்தாங்கியில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாளாம். காலையில் பஸ்ஸில் போய், மாலையில் திரும்பி, ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவிடுகிறாள். வீடு அவள் மாமாவுடையது. தாழ்வாரம் ஏழு மணி வரைக்கும் இவர்களுக்கு.

'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் மறுபடியும் திறந்தன. பத்தொன்பது மாதங்கள்! பெரியவர்களுக்குப் பத்தொன்பது மாதம் என்பது ஒரு கஷ்ட காலம். ஆறு வயதுக் குழந்தைக்கு அது ஆயுளில் நாலில் ஒரு பங்கு. ஒன்றாம் வகுப்பைக் கண்ணாலேயே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட குழந்தைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அந்த இழப்பை ஈடுகட்டுவதற்காக 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம் அது. அந்தந்தத் தெருவிலேயே இருக்கும் தன்னார்வலர்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சொல்லிக்கொடுக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தாலே போதுமானதாக இருந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். ஏறத்தாழ 2 லட்சம் பேர் முன்வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் கல்லூரிப் பெண்கள் ஏராளம்.

"பஸ் பலகை வைத்துப் பாடம் நடத்தச் சொல்லி அரசாங்கம் சொல்லியிருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "இல்ல சார். குடுத்த அட்டை, பாட்டு எல்லாம் இருக்கு. அதையும் நடத்துறேன். ஆனா முதல் நாள் இவங்ககிட்ட 'எதைப் படிக்கணும்னு ஆசை'ன்னு கேட்டேன். பொம்பளைப் புள்ளைங்க டிவி நிகழ்ச்சி பேரு சொன்னாங்க. பையனுங்க எல்லாம் பஸ்ஸுன்னாங்க. சரி, பஸ்ஸு தானா வாசலுக்கு வருதுல்ல, எதுக்கு விடணும்னுதான்."

'எதைப் படிக்க ஆசை?' இந்த ஒரு கேள்வி என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பழைய கடனின் கதைக்குப் போக வேண்டும்.

1991-ஆம் வருஷம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 'அறிவொளி இயக்கம்' பிறந்தது. எழுத்தறிவுக்கென்று தேசிய இயக்கம் ஒன்று 1988-இல் தொடங்கியிருந்தது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்துக்கொண்டது. அந்தத் தீ எங்கள் மாவட்டத்திலும் பற்றிக்கொண்டது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலைக்குப் போகும் பெண்களும் இரவில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். படிப்போடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். 1992-இல் சர்வதேசப் பெண்கள் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டைக்குள் மணியடித்துக்கொண்டு வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்தச் சைக்கிள் பெண்களைப் பற்றி எழுதி, உலகமெல்லாம் படித்தது.

இவ்வளவு பெரிய காரியத்தில் இந்த அணிலும் ஒரு கை மண் போட்டது. நான் அப்போது கல்லூரி மாணவன். முழு மாணவன் என்று சொல்ல முடியாது. இரண்டு பாடங்களில் தவறிவிட்டு, மறுபடி பரீட்சை எழுதுவதற்காகப் படித்துக்கொண்டிருந்தவன். வீட்டில் இருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆகையால் மீமிசலில் இருந்த சித்தி வீட்டுக்குப் படிக்க வந்திருந்தேன். தனக்கே பாடம் ஏறாதவன் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு தனி ஆறுதல் இருக்கிறது. 1992 தை மாதத்தில், ஊருக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு குடியிருப்பில் பன்னிரண்டு பெண்களுக்கு நான் வாத்தியாரானேன்.

அவர்களில் ஒருத்தி கருவாடு விற்பவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் 'ஆத்தா' என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நடந்துவிட்டு, இரவில் முதல் ஆளாக வந்து பலகையைத் துடைத்து வைப்பாள். ஒரு வாரம் ஆனதும் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்:

"தம்பி, எனக்கு எல்லாம் வேணாம். ரெண்டே ரெண்டு சொல்லிக்குடு. புதுக்கோட்டை வண்டி எது, பட்டுக்கோட்டை வண்டி எது. அம்புட்டுத்தான்."

கதை இதுதான். அதற்கு முந்தின வருஷம் அவளுடைய மகளைப் பிரசவத்துக்குப் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மருமகன் கடலுக்குப் போயிருந்தான். வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்து சொன்னதும் ஆத்தா கிடைத்ததை முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். கண்டக்டர்கள் ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்லமாட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதானே? "...க்கோட்டை! ...க்கோட்டை!" என்று ஒருவர் கூவினார். ஏறி உட்கார்ந்துவிட்டாள். சில்லறையைக் கொடுத்து, "கோட்டைக்கு ஒண்ணு" என்றாள். அவரும் கொடுத்தார். அசதியில் தூங்கிவிட்டாள். எழுப்பி இறக்கிவிட்ட இடம் பட்டுக்கோட்டை. கையில் திரும்பிப் போகக் காசு இல்லை. யார் யாரையோ கேட்டு, எங்கெங்கோ மாறி, மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு புதுக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தாள். குழந்தை பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. "யாருமில்லாமக் கெடந்தேனே ஆத்தா" என்று சொல்லிவிட்டு மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.

"அந்தப் புள்ள இன்னும் மனசு ஆறல தம்பி" என்றாள் ஆத்தா.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பலகையில் இரண்டு எழுத்தை எழுதியிருக்க வேண்டும். 'ப', 'பு'. "ஆத்தா, முதல் எழுத்தை மட்டும் பாருங்க. கால் கீழே தொங்கினா புதுக்கோட்டை. தொங்கலேன்னா பட்டுக்கோட்டை." இவ்வளவுதான். இரண்டு நிமிஷம் பிடிக்கும். வெற்றிலை போடும் நேரம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் வரிசையா வரும் ஆத்தா. உகர எழுத்துக்கு நாம இன்னும் வரல. பொறுங்க" என்றேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அறிவொளிப் பாடங்கள் அகர வரிசையைக் கட்டி அழுதவை அல்ல, உழைப்பவர்கள் புழங்கும் சொற்களிலிருந்தே எழுத்துக்குப் போனவை. பயிற்சி கொடுத்தவர்களும் 'அவர்கள் வாழ்க்கையிலிருந்து தொடங்கு' என்றுதான் படித்துப் படித்துச் சொன்னார்கள். வரிசையைப் பிடித்துக்கொண்டு தொங்கியவன் நான்தான். மூன்று புத்தகங்களில் முதல் புத்தகத்தின் பாதியில் நின்றுகொண்டு, மூன்றையும் கரைத்துக் குடித்தவனைப்போலப் பேசினேன். அது போகட்டும். அடுத்து எனக்கு ஒரு சபலம் வந்தது. ஊர்க் கூட்டத்தில் என் பன்னிரண்டு பேரும் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டுக் காட்ட வேண்டும். ஆகவே ஒன்றரை மாதம் கையெழுத்தையே பழக்கினேன். ஆத்தா தன் பெயரை அழகாக எழுதினாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஏப்ரலில் பரீட்சை வந்தது. "எழுதிவிட்டு வந்துவிடுவேன் ஆத்தா. வந்ததும் முதல் பாடம் உங்க பஸ்தான்" என்று சொல்லிவிட்டுப் போனேன். தேறிவிட்டேன். சென்னையில் வேலை கிடைத்தது. கதைகள் எழுதத் தொடங்கினேன். மீமிசலுக்கு வரவே இல்லை. சித்தி குடும்பமும் இடம் மாறிவிட்டது. அந்த ஆத்தாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயரை எழுத அவளுக்குத் தெரியும். நான் அவளுக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

இதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள் படித்தேன். ஒரு சமயம் ஆண்ட்ரூ பெல் என்பவரின் சரித்திரம் கைக்குக் கிடைத்தது. ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். 1789-இல் சென்னை எழும்பூரில், கம்பெனிச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குத் தலைவரானார். ஆசிரியர்கள் போதவில்லை, இருந்தவர்களுக்கும் மனம் போதவில்லை. அப்போது நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. என்ன செய்தார்? ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னஞ்சிறுசுகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்படி விட்டார். பெரிய வாத்தியார் செய்ய முடியாது என்று சொன்னதை அந்தப் பையன் செய்துவிட்டான். பெல் இதைப் பற்றி 1797-இல் லண்டனில் ஒரு சிறு புத்தகம் போட்டார். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பணத்தில் 1830-களில் தொடங்கிய பள்ளிக்கு இன்றைக்கும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

நம் ஊரில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். நாம் அவனைப் பிரம்பு பிடித்தவன் என்று மட்டும்தான் நினைவு வைத்திருக்கிறோம். ஆனால் அவனிடம் ஒரு பெரிய அருமை உண்டு. தெரியாமல் இருந்த நாள் அவனுக்கு நேற்றுத்தான் முடிந்தது. 'மீ'யும் 'மி'யும் ஒன்றாகத் தெரிந்த குழப்பம் அவன் கண்ணிலிருந்து இன்னும் முழுதாக மறையவில்லை. ஆகவே எந்த இடத்தில் கால் தடுக்கும் என்று அவனுக்குத் தெரிகிறது. பண்டிதர்கள் மேட்டில் நின்றுகொண்டு 'ஏறி வா' என்கிறார்கள். சட்டாம்பிள்ளை ஒரு படிதான் மேலே நிற்கிறான். அவன் கை எட்டுகிறது. அமெரிக்காவில்கூட 1997-இல், கல்லூரி மாணவர்கள் சிறு குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தால் அரசாங்கமே சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று வந்தது. அங்கும் நம்பியது இந்த ஒரு படி வித்தியாசத்தைத்தான்.

அந்த அருமையிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஒரு படி மேலே நிற்பவன் நின்றுகொண்டே இருக்கமாட்டான். அவனும் ஏறிக்கொண்டிருக்கிறான். பரீட்சை வரும், வேலை வரும், கல்யாணம் வரும். பற்றியிருந்த கையை விட்டுவிட்டு மேலே போய்விடுவான். கீழே நிற்பவர்கள் கையை நீட்டியபடியே நிற்பார்கள். இதற்கு நானே சாட்சி.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அறிவொளிக் காலத்தில் இந்தப் பக்கம் வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"எங்க அப்பத்தா அறிவொளியில படிச்சவங்கதான் சார்! இந்த மீன், மிளகாய் எல்லாம் அவங்க சொல்லிக்குடுத்தது. எனக்கு எழுத்துப் பழக்கினதே அவங்கதான்."

என் நெஞ்சு அடித்துக்கொண்ட ஓசை அவளுக்குக் கேட்டிருக்கும். "அப்பத்தா என்ன வியாபாரம்?" என்றேன்.

"வியாபாரமா? இல்ல சார், வயல் வேலை. ஆவுடையார்கோயில் பக்கம். அப்பா காலத்துலதான் இங்க வந்தோம்."

கதையாக இருந்தால் அந்த ஆத்தாவை இவளுடைய பாட்டியாக ஆக்கியிருப்பேன். வாசகர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள். நடந்தது கதை அல்ல. வேறு ஊர், வேறு கிழவி, வேறு வாத்தியார்.

"அப்பத்தாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க தெரு அக்கா ஒருத்தங்களாம். பத்தாவது பெயிலாம். மூணு புத்தகமும் முடிச்சு, அதுக்கப்புறமும் நாலஞ்சு வருஷம் பத்திரிகை படிக்கச் சொல்லிக் கேப்பாங்களாம். அந்த அக்கா எங்கயும் போகல, அங்கயே கட்டிக் குடுத்துட்டாங்க. அதனால அப்பத்தாவும் தப்பிக்க முடியல" என்று சொல்லிச் சிரித்தாள்.

பத்தாவதில் தவறியவள் மூன்று புத்தகங்களை முடித்தாள். கல்லூரிக்காரன் ஒன்றரை மாதம் கையெழுத்து வாங்கிவிட்டு ஓடிப்போனான். கணக்கு எனக்கு நன்றாக விளங்கியது.

அதற்குள் எங்கள் பேச்சை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "அக்கா, நீங்களும் பரீட்சைக்குப் போயிடுவீங்கல்ல?" என்று கேட்டாள். ஏழு வயது இருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டாள். தாழ்வாரத்தில் சத்தம் குறைந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வந்துவிடுவேன்" என்று அவள் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அந்த வார்த்தையை நான் அறிவேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. "ஆமா, ஏப்ரல்ல பரீட்சை. மூணு வாரம் வரமாட்டேன்" என்றாள். "அடுத்த வருஷம் படிப்பு முடிஞ்சா எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது. அதுக்குத்தானே இவளைப் பழக்குறேன்" என்று சொல்லி, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டினாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. மடியில் ஒரு நோட்டு. அந்த நோட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரேயும் அவனுக்கு எந்த எழுத்து வரவில்லை, எந்தச் சொல்லில் நிற்கிறான் என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். 'இவனுக்கு ர, ற குழப்பம்.' 'இவளுக்கு மெய்யெழுத்துப் புள்ளி மறக்கும்.' 'இவனை அவசரப்படுத்தினால் அழுவான்.' ஒருத்தி போனால் அடுத்தவள் நோட்டைத் திறந்து விட்ட இடத்தில் தொடங்கலாம்.

"எனக்கு உடம்பு சரியில்லாதப்ப ரெண்டு வாரம் இவதான் நடத்துனா. என்னைவிட இவகிட்டத்தான் சின்னதுங்க நல்லாப் படிக்குதுங்க" என்றாள். இரட்டைச் சடை நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

எழும்பூரில் பெல் பாதிரியார் கண்டுபிடித்ததை அவர் பெயரே கேள்விப்படாத ஒரு பெண் மீமிசலில் தானாகக் கண்டுபிடித்திருந்தாள். அவர் விட்டுவிட்டதையும் சேர்த்தே கண்டுபிடித்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. மதராஸ் முறை இங்கிலாந்துக்குப் போனதும் ஓர் இயந்திரமாகிவிட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, குறைந்த செலவில் பாடம் ஒப்பிக்க வைத்தார்கள். நாளடைவில் மங்கிப்போயிற்று. 'அவசரப்படுத்தினால் அழுவான்' என்று எழுதி வைக்கும் நோட்டு ஒன்று அங்கே இருந்திருக்குமானால் அப்படி ஆகியிருக்காதோ என்னவோ.

இருட்டிவிட்டது. தாழ்வாரத்தில் விளக்குப் போட்டார்கள். நான் வந்த பஸ்ஸின் மற்ற பயணிகளைக் கண்டக்டர் எப்போதோ வேறு வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். ஒல்லிப் பையன் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சார், நான் படிக்கிறேன், நீங்க சரியான்னு பாருங்க" என்றான்.

"எனக்குக் கண்ணாடி இல்லையே, தம்பி. எழுத்துத் தெரியாது" என்றேன்.

அவன் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். "பரவாயில்ல சார், கேளுங்க போதும்" என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தான். ஒரு காக்கை, ஒரு குடம், கொஞ்சம் கூழாங்கல். தெரிந்த கதைதான். ஆனால் அவன் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வரும்போது, காக்கை தண்ணீர் குடிக்குமோ குடிக்காதோ என்று எனக்கே கவலையாகிவிட்டது. கடைசி வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தான். நான் கை தட்டினேன். இந்தத் தடவை யாருக்காகத் தட்டுகிறோம் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

அப்போது முனையில் ஒரு பஸ் வந்து நின்றது. "...க்கோட்டை! ...க்கோட்டை! ஏறு ஏறு!" என்று குரல் கேட்டது. நான் அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினேன். படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஒல்லிப் பையன்.

"சார், நீங்க எந்தக் கோட்டை?"

"புதுக்கோட்டை."

"அப்ப இது இல்ல. கால் தொங்கல பாருங்க. ப... ட்... டு... பட்டுக்கோட்டை."

காலைக் கீழே எடுத்தேன். பஸ் போய்விட்டது. இரண்டு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வண்டி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பெண் தாழ்வாரத்தைப் பெருக்கிவிட்டு விளக்கை அணைத்தாள். பையன் மட்டும் போகவில்லை. "கண்ணாடி இல்லாதவரு. தனியா விட்டுட்டுப் போனா எங்கயாச்சும் ஏறிடுவாரு" என்று டீக்கடைக்காரரிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியில் தூரத்தில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. பஸ் அருகே வந்ததும் அவன் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தான்.

"கால் தொங்குது சார். ஏறுங்க" என்றான்.

ஏறினேன்.